தேய்ந்த டயரும் தெளிந்த முடிவும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் பெயர் கொடுத்தபோது, "எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?" என்று தோழியர் கேட்டனர். "டயரைப் பற்றி, அதிலும் ஸ்போர்ட்ஸ் காரின் டயரைப் பற்றி" என்றோம். வகுப்பே சிரித்தது. காவிரியைப் பற்றி எழுதலாம், கல்வியைப் பற்றி எழுதலாம், அன்னையின் அன்பைப் பற்றி எழுதலாம். கறுத்து அழுக்கேறிய டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கீழ்வேளூரில் ஸ்போர்ட்ஸ் காரை எவர் கண்டார்? நாங்கள் கண்டோம். அதனால்தான் எழுதத் துணிந்தோம்.

நாங்கள் என்பது அக்காளும் தங்கையுமாகிய இருவர். அக்காள் பத்தாம் வகுப்பு, தங்கை எட்டாம் வகுப்பு. எழுதும் கை அக்காளுடையது. பார்த்த கண்கள் நான்கு. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையோரம், கீழ்வேளூரில், எங்கள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வேளாங்கண்ணிக்குச் செல்லும் கார்களும் வேன்களும் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பிறர் பொம்மை வைத்து விளையாடிய வயதில் நாங்கள் பழைய டயரை உருட்டி விளையாடினோம். ஆகவே டயரைப் பற்றி நான்கு வரி எழுத எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறோம்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, இந்த டயர் இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?" இதைக் கேட்கும்போதே அவர்கள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு தெரியும். "இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்று சொல்லிவிட மாட்டாரா என்ற எதிர்பார்ப்பு அது. டயர் என்பது விலையுயர்ந்த பொருள். தேய்வதோ மெல்ல மெல்ல. நேற்றைக்கும் இன்றைக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்று மாற்ற வேண்டும் என்று எந்த நாளும் தானாக வந்து நம்மிடம் சொல்வதில்லை.

அப்படியானால் எப்படித்தான் அறிவது? அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதுகிறோம்.

காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்ட் நகரில் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் செய்து பார்த்த டயருக்கு 1888-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்று ஒரு கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது.

டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள் எதற்காக? அழகுக்காக அல்ல. அவை வடிகால்கள். டெல்டாப் பெண்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடிகால் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் ஐப்பசி மழையில் வயல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். டயரும் அப்படித்தான். சாலையில் நிற்கும் மழைநீரைப் பள்ளங்கள் வாங்கி வெளியே தள்ளினால்தான் ரப்பர் தாரைத் தொடும். பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் நடுவே தங்கிவிடும். அப்போது கார் ஓடுவதில்லை, மிதக்கிறது. மிதக்கும் காருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லி மீட்டர் இருக்கும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லி மீட்டரும், இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லி மீட்டரும் இருந்தாக வேண்டும். இதைக் காட்டுவதற்கென்றே பள்ளங்களின் அடியில் சிறு சிறு மேடுகளை வைத்திருக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். "அது சட்டம் சொல்லும் கணக்கு. மழைக்காலம் சொல்லும் கணக்கு வேறு. 3 மில்லி மீட்டருக்கு வந்தாலே புது டயருக்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிட வேண்டும்" என்பது அப்பாவின் வாக்கு.

இனி அந்தக் காரின் கதைக்கு வருவோம்.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குறுவை அறுத்த நெல்லைச் சாலையோரம் காய வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டே பேர் அமரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த சிவப்பு நிறக் கார் ஒன்று எங்கள் கடை முன் வந்து நின்றது. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஓட்டி வந்தவர் ஓர் இளைஞர். அருகில் அவருடைய தாயார். வேளாங்கண்ணி சென்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் வழியில் பின்பக்க இடது டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். அந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாதாம்.

"ஒரு ஆணி ஏறியிருக்கு தம்பி. பத்து நிமிஷ வேலை" என்று சொல்லி அப்பா ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றியவர் பேசாமல் நின்றுவிட்டார். தங்கையை டார்ச் விளக்கைப் பிடிக்கச் சொன்னார். அக்காளிடம் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார்.

டயரின் வெளிப்பக்கத்தில் 3 மில்லி மீட்டர் பள்ளம் இருந்தது. நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு அது நல்ல டயர். உள்பக்க ஓரத்திலோ பள்ளமே இல்லை. ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி மயிரிழைபோல் எட்டிப் பார்த்தது. வலது டயரும் அதே நிலையில்தான் இருந்தது.

வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது சாலையை நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காக, இத்தகைய கார்களின் சக்கரங்கள் மேற்புறம் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்குமாம். அதனால் உள்பக்க ஓரம் முதலில் தேயும். ரப்பரும் மென்மையானது. அது நன்றாகப் பற்றும், விரைவாகவும் கரையும். பின்சக்கரங்கள்தாம் அந்தக் காரை உந்துகின்றன என்பதால் அவை இன்னும் சீக்கிரம் தேய்கின்றன. சாதாரணக் காரில் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். இதில் பின் டயர் முன் டயரைவிட அகலம். அந்த வழியும் இல்லை. அகலமான டயர் தண்ணீரில் மிதக்கும் அபாயமும் அதிகம்.

"தம்பி, இதுல நான் ஆணியை எடுத்துட்டு அடைச்சுக் கொடுத்தா எனக்கு 150 ரூபாய். ஆனா இந்த டயரோட நீங்க சென்னைக்குப் போகக் கூடாது" என்றார் அப்பா.

இளைஞர் நம்பவில்லை. "வரும்போது கல்லு மாதிரி வந்துச்சே அண்ணே! ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேன். காலையில ஆபீஸ் போயே ஆகணும்" என்றார். சென்னை அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோ மீட்டர். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. காய்ந்த சாலையில் தேய்ந்த டயர் நன்றாகவே ஓடும். மழையில்லாத நாளில் பந்தயக் கார்கள் பள்ளமே இல்லாத டயரில் ஓடுவதும் உண்டு. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தேய்ந்த டயர் வெயில் நாளில் நம்மைப் பாராட்டும். முதல் மழை நாளில் கைவிடும்.

அப்பா வாதாடவில்லை. அவருடைய கைப்பேசியையே வாங்கி, கம்பி தெரியும் இடத்தைப் படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். இளைஞர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அதுவரை பேசாமலிருந்த தாயார் காரை விட்டு இறங்கி வந்தார். "ஏங்க, இது உங்க வண்டியா இருந்தா என்ன செய்வீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"இந்த ரெண்டு பிள்ளைகளையும் இதுல ஏத்த மாட்டேன்மா" என்றார் அப்பா.

அந்த அம்மையார் தம் பையை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டார். முடிவு அவ்வளவில் ஆகிவிட்டது.

அந்த அளவு டயர் நாகப்பட்டினத்திலும் இல்லை, திருவாரூரிலும் இல்லை. திருச்சியில் ஒரு கடையில் இரண்டு இருப்பதாகத் தெரிந்தது. மறுநாள் மாலைதான் வந்து சேரும். விலையைக் கேட்டதும் எங்களுக்குத் தலை சுற்றியது. எங்கள் கடையின் இரண்டு மாத வருமானத்துக்கும் மேல்! "நான்கையும் மாற்றிவிடலாமா அண்ணே?" என்று இளைஞர் கேட்டபோது அப்பா மறுத்துவிட்டார். "முன்னாடி 4 மில்லி மீட்டர் இருக்கு, உள்பக்கமும் சரியா இருக்கு. இந்த மழைக்குப் போதும். தை மாசம் மறுபடி பாருங்க" என்றார். தேவையில்லாதபோது மாற்றச் சொல்வதும் தவறு. தேவையானபோது மாற்றாமல் விடுவதும் தவறு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே காரில் கண்டோம்.

அன்றிரவு நல்ல மழை. தாயும் மகனும் ஊரில் ஒரு விடுதியில் தங்கினர். மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது இளைஞர் கடைப் பெஞ்சில் காத்திருந்தார். அவருக்குப் பந்தயக் கார் என்றால் உயிர். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் பந்தயம் நடந்ததையும், பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்ததையும் ஆர்வத்தோடு சொன்னார். "டயரை மாற்றுவதா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியால் உலகப் பந்தயங்களே தலைகீழாகியிருக்கின்றன" என்று அவர் சொன்ன செய்திகள் எங்களை வியப்பில் ஆழ்த்தின. பின்னர் பள்ளிக் கணினி அறையில் தேடிப் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே இங்கே எழுதுகிறோம்.

பார்முலா ஒன் பந்தயத்தில் 2005-ஆம் ஆண்டு ஒரு விதி கொண்டு வந்தார்கள். தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். சேதமடைந்தாலோ வானிலை மாறினாலோ தவிர, நடுவில் மாற்றக் கூடாது. அவ்வாண்டு மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் ஃபின்லாந்து வீரர் கிமி ராய்க்கோனன் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டு, வலது முன் டயரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அதன்பின் சுற்றுக்குச் சுற்று அதிர்வு கூடிக்கொண்டே போனது. உள்ளே வந்து மாற்றினால் முதலிடம் போய்விடும். இன்னும் சில சுற்றுகள்தாமே என்று தொடர்ந்து ஓட்டினார். கடைசிச் சுற்றின் முதல் வளைவில் அதிர்வு தாங்காமல் சக்கரத்தைத் தாங்கும் பாகமே முறிந்தது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. வெற்றி பின்னால் வந்த பெர்னாண்டோ அலோன்சோவுக்குப் போயிற்று.

மூன்றே வாரம் கழித்து, ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் கார், டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. அங்குள்ள அதிவேக வளைவைத் தங்கள் டயர் பந்தயம் முழுவதும் தாங்காது என்று அதைச் செய்த மிச்செலின் நிறுவனமே அறிவித்தது. மாற்று ஏற்பாடு எதிலும் உடன்பாடு ஏற்படவில்லை. பந்தயம் தொடங்கும் முன் எல்லாக் கார்களும் ஒரு சுற்று வரும் அல்லவா? அந்தச் சுற்றின் முடிவில் மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பி நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே ஓடின. பணம் கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் கொதித்தெழுந்து கூச்சலிட்டார்கள். பிறகு அந்த நிறுவனம் அவர்களுக்கு நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டது.

அந்த 6 கார்களில் ஒன்றை ஓட்டியவர் நம் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அன்று நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையும் அவருக்கே கிடைத்தது. நரேனைப் பற்றிக் கேட்டபோது எங்கள் நெஞ்சம் பூரித்தது. ஆயினும் உள்ளே திரும்பி நின்ற அந்த 14 பேரைப் பற்றியும் நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஊரே கூச்சலிடும்போது ஓடாமல் நிற்பதற்கும் துணிவு வேண்டும் அல்லவா? மறு ஆண்டு, 2006-இல், பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற மீண்டும் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார். 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று ஷாங்காயில் இளம் வீரர் லூயிஸ் ஹாமில்டன் மழைக்கான டயரோடு ஓடிக்கொண்டிருந்தார். சாலை காயக் காய அந்த டயர் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்தது. மாற்றுவதைச் சற்றே தள்ளிப் போட்டார்கள். கடைசியில் மாற்றுவதற்காக உள்ளே வரும் வழியிலேயே கார் சறுக்கிச் சரளைக் கல்லில் சிக்கிக்கொண்டது. அவ்வாண்டு உலகச் சாம்பியன் பட்டத்தை அவர் இழந்தது ஒரே ஒரு புள்ளியில். பெற்றவர் அதே ராய்க்கோனன், 110 புள்ளிகள், ஹாமில்டனுக்கு 109.

இவ்வளவையும் சொன்ன அந்த இளைஞர் தலையை ஆட்டிச் சிரித்தார். "இந்தக் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா என் சொந்தக் காருக்குக் கீழே ஒரு நாள்கூடக் குனிஞ்சு பார்த்ததில்லை" என்றார்.

மாலையில் டயர் வந்தது. அத்தகைய சக்கரத்தில் லீவர் போட்டு நெம்பினால் கீறல் விழும் என்பதால், அப்பா சக்கரங்களை மினி வேனில் ஏற்றித் திருவாரூரில் இயந்திரம் உள்ள கடைக்குக் கொண்டு சென்று மாட்டி வந்தார். புது டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த வாரத்தில் செய்த டயர் என்று பொருள். "ஓடாம கிடந்தாலும் ரப்பர் வயசாகி இறுகிப் போகும். அதனால வாங்கும்போதே பிறந்த தேதியைப் பார்க்கணும்" என்றார். சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சென்னையில் சரிபார்க்கும்படியும் சொல்லி அனுப்பினார். அந்த அம்மையார் விடைபெறும்போது எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து வாழ்த்தினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எல்லாம் அப்பாவின் பெருமையாகவே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் அம்மா இருக்கிறாரே! அன்றிரவு சோறு போடும்போது, "ஊரார் கார் டயரை டார்ச் அடிச்சுப் பார்க்கிற கண்ணுக்கு, நம்ம வாசல்ல நிக்கிற மொபெட் டயர் தெரியலையோ?" என்றார். அந்த மொபெட்டில்தான் மழை நாளில் அப்பா எங்களைப் பள்ளியில் கொண்டு வந்து விடுவார். பின் டயரில் பட்டன் என்று ஒன்றும் இல்லை. மொட்டை! தங்கை ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடினாள். அளக்க அங்கே பள்ளமே இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு அவருக்கு எடுப்பதாக இருந்த வேட்டி சட்டைப் பணத்தில் மறுநாளே புது டயர் வந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஸ்கேலை வைத்து அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைக்கிறோம். எந்த அளவு வந்தால் மாற்றுவது என்று முன்பே எழுதிவிட்டோம். அந்த நாள் வரும்போது கையில் பணம் இருக்கிறதா, அவசர வேலை இருக்கிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிவை அமைதியான நாளில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதே நாங்கள் கற்ற பாடம். போய்ச் சேரும் அவசரத்தில் இருப்பவர் தம் டயருக்குத் தாமே நீதிபதி ஆகக் கூடாது. ராய்க்கோனனுக்குக் கொடி கண்ணெதிரே தெரிந்தது. இளைஞருக்கு அலுவலகம் தெரிந்தது. எங்கள் அப்பாவுக்குத் தீபாவளிச் செலவு தெரிந்தது. டயர் மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

அன்புத் தோழியரே, பெற்றோரே, இம்மலரைப் படித்து முடித்ததும் ஓர் உதவி செய்யுங்கள். ஒரு ஸ்கேலும் ஒரு டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வண்டியருகே செல்லுங்கள். பள்ளிக்கு வரும் வேனையும் மறக்க வேண்டாம். பள்ளத்தை அளந்து பாருங்கள். வெளிப்பக்கத்தோடு நின்றுவிடாமல் குனிந்து உள்பக்கத்தையும் பாருங்கள். ஐப்பசி மழை வருவதற்கு முன் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்வேளூர்